சத்தம் போடாமல் போன சீர்

எங்கள் வீட்டுக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. மீசை முளைத்த வயதில், ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் ஏறியவர். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழவேண்டும் என்றால்கூடக் கத்தத்தான் வேண்டும். கத்திக் கத்தி அதுவே அவருடைய குரலாகிவிட்டது. கல்யாண வீட்டில் என் காதோடு ரகசியம் சொல்வார். மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்த்து, அப்படியா சங்கதி என்று கேட்பார். அப்படிப்பட்ட மனுசன் ஒரு தை மாதக் காலையில், பின்னால் சீர்த் தட்டுகள் வர, மேளக்காரர்கள் மேளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வர, பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட ஒரு ஏரியின் கரை முழுக்க வாயைத் திறக்காமல் நடந்தார். நேரில் பார்க்காவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஏரியின் பெயரை எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை, நீங்கள் வேறு எழுதி இன்னும் நாலு வண்டி ஆட்களைச் சேர்த்துவிடாதீர்கள் என்று அங்கே காவலுக்கு இருக்கும் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓமலூர்ப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருப்பது அந்த ஏரிக்கு மறுகரையில் இருக்கும் ஊரில். வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அவளுடைய இரண்டாவது குழந்தைக்கு, பையனுக்கு, காது குத்து. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் சீர் கொண்டுவர வேண்டும், மேளத்தோடு வரவேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு சடங்கு. எங்களுக்கு, அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று ஊரே பார்த்துக்கொள்ளும் நேரம்.

மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது எங்கள் வீட்டுக்காரர் போகவில்லை. போகக்கூடாது என்றில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு குழியில் துளைபோடும் ராடு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வந்தால் முதலாளி முகத்தில் விழிக்க முடியாது. ஆனால் தங்கை போன் செய்தபோதெல்லாம், "வந்துட்டே இருக்கறேன் சாமி, வாரேன்" என்றார். இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. எங்கே வருகிறீர்கள், லொகேஷன் அனுப்புங்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். இவரும் ஒழுங்காக அனுப்பிவைத்திருக்கிறார். அந்த நீலப்புள்ளி ஏதோ ஒரு காட்டுக்குள் அசையாமல் நின்றுகொண்டிருந்ததை அவள் மாமியார் வீட்டில் எல்லோரும் வட்டமாக நின்று பார்த்திருக்கிறார்கள். கடைசியில் இவருடைய பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். நான் சீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ராடு மட்டும் கையில் கிடைத்திருந்தால் நானே உடைத்துப்போட்டிருப்பேன்.

அதற்கப்புறம் அவள் அண்ணனோடு பேசவில்லை. பேசாமல் இருந்தாள் என்றால் சண்டை போட்டுக்கொண்டு அல்ல. எல்லாச் சேதியும் என் வழியாக வரும். தீபாவளிக்குத் துணி நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள் நங்கை, என்பாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். இவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நல்லாயிருக்கிறாளா என்று கேளு, என்பார். கேட்கவே வேண்டாம், அவர் சொல்வது அவளுக்கு நேராகவே கேட்டுவிடும். ஆனாலும் நான் ஒருமுறை சொல்ல வேண்டும், அவள் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். நடுவில் நான் தந்திக் கம்பம் மாதிரி நின்றேன்.

இந்தப் பையன்தான் கடைசி. பிரசவத்தோடு ஆபரேஷனும் செய்துகொண்டுவிட்டாள். இனிமேல் குத்துவதற்கு அந்த வீட்டில் காது கிடையாது. அதனால் இந்தத் தடவை வீட்டுக்காரர் பொங்கலுக்கே வந்து, லாரி கிளம்பினாலும் நான் கிளம்பமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். தட்டுகளைத் துடைக்கிறேன் என்று ஆரம்பித்து என் உயிரை வாங்கினார்.

அன்று காலையில் வேன் நேரத்துக்குக் கிளம்பியது. நாங்கள் இருவர், இவரோடு லாரியில் வேலை செய்யும் கூட்டாளிகள் இரண்டு பேர், அவர்கள் மனைவிமார், இவருடைய சித்தப்பா, முட்டிவலிக்கார அத்தைகள் சிலர், தவிலும் நாதசுரமுமாக மேளக்காரர்கள். எல்லாம் சரியாகத்தான் போனது. ஏரியின் இந்தப் பக்க முனையை நெருங்கும்போது வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் பாலத்தின் மேல் குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி குடைசாய்ந்து கிடந்தது. ஜவ்வரிசி செய்ய சேகோ மில்லுக்குப் போகவேண்டிய மரவள்ளிக் கிழங்கு அத்தனையும் பாலத்தில். நடந்து தாண்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கிரேன் வரவேண்டும் என்றார்கள். வேறு ரோடு சுற்றிப்போனால் நல்ல நேரம் முடிந்து, பந்தி முடிந்து, இலை எடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். ராடு மாட்டிக்கொண்ட அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்போல. போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று நான் எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். வாரேன்னு நாஞ் சொன்னாலே வரமாட்டேன்னு நெனச்சுக்குவா. போயி நின்னுக்கலாம்" என்றார்.

எப்படிப் போய் நிற்பது என்பதுதான் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். போன வருடம் எங்கள் பிள்ளைகளைப் பறவை பார்க்க இதே ஏரிக்குக் கூட்டிவந்திருந்தேன். ரோட்டோரத்தில் இருக்கும் கேட்டில் நுழைந்து கரைமேலேயே நடந்தால், மறுமுனையில் வேப்பமரத்தடியில் கன்னிமார் கோயில். காது குத்துகிற கோயில் அதுதான். அரைமணி நடை. நான் சொன்னதும் வேனில் இருந்தவர்கள் என்னை ஏதோ கலெக்டர் மாதிரி பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

கேட்டில் காக்கிச் சேலை கட்டிய வனத்துறைக் காவலர் அம்மா நின்றார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. பட்டுப்புடவையும் தட்டும் தவிலுமாக வேனிலிருந்து இறங்கிய எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விவரம் சொன்னோம். அவர் ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார்.

"நடந்து போறதுன்னா தாராளமா போங்க, ஆனா மரமெல்லாம் கூடு, குஞ்சு பொரிச்சிருக்குது, ஒரு சத்தம் வரக்கூடாது."

மேளம் கூடாது, வேட்டு கூடாது, உள்ளே எதுவும் தின்னக்கூடாது, போன் ஒலிக்கக்கூடாது. சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தோம். பிளாஸ்டிக் கூடாது என்றார். அதற்கும் தலையாட்டினேன். அவர் கை என் தட்டைக் காட்டியது. முந்தின நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடிப் பேப்பர் சுற்றி, ரிப்பன் கட்டி, குஞ்சம் வைத்தவள் நான். அதையெல்லாம் பிரிக்க வேண்டுமாம். வாக்குவாதம் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ வருடமாக நான் அவரைப் பார்க்கும் பார்வை அது. உட்கார்ந்து பிரித்தேன். ஆப்பிளும் சாத்துக்குடியும் மறைவில்லாமல் தட்டில் உருண்டன.

அத்தைகள் முட்டியைக் காட்டி வேனிலேயே இருந்துகொண்டார்கள். அதனால் தட்டு அதிகம், கை குறைவு என்றாகிவிட்டது. இரண்டு கையிலும் தட்டு வைத்துப் பார்த்தோம். வாழைப்பழத் தட்டு மட்டும் மிஞ்சியது. சீரில் தட்டு ஒற்றைப்படையில் போகவேண்டும், ஒன்றைக் குறைத்தால் இரட்டையாகிவிடும் என்று சித்தப்பா முனகினார். காவலர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். எப்படியும் உங்களை விட்டுவிட்டு இருக்கமுடியாது, பின்னால் வரத்தான் போகிறேன், கொடுங்கள் என்று அந்தத் தட்டை வாங்கிக்கொண்டார்.

கிளம்பினோம். முன்னால் வீட்டுக்காரர். தவில்காரர் தோள்துண்டால் தவிலைச் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டார். வளையல் அதிகம் போட்டிருந்தவர்கள் முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். வீட்டுக்காரர் பேசினால் ஏரியே காலியாகிவிடும் என்று அவருக்கே தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு கையால் பேச ஆரம்பித்தார்.

போர் லாரியில் சத்தத்துக்கு நடுவே இவர்களுக்கு ஒரு கைப்பாஷை உண்டு. கட்டைவிரலை மேலே காட்டினால் ராடை ஏற்று. கையை மூடிக் காட்டினால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழே பார்க்க அமுக்கினால் கம்ப்ரசரைக் குறை. கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் அது தாய்மொழி. இவர் கையை மூடினார், அவர்கள் நின்றார்கள், பின்னால் வந்த நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றோம். பாதையில் ஒரு நாரைக்குஞ்சு, கூட்டிலிருந்து விழுந்ததோ என்னவோ, எங்களை எடைபோட்டுப் பார்த்துவிட்டு ஆடி ஆடிப் புதருக்குள் போயிற்று. இவர் கட்டைவிரலைக் காட்டினார். சீர் மறுபடி நகர்ந்தது.

கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீருக்குள் கருவேல மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் கிளைக்குக் கிளை கூடு. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் தொங்கும் தாடையோடு பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்கள்போல மிதந்தன. முக்குளிப்பான் ஒன்று எங்களைக் கண்டதும் முங்கி, போய்விட்டார்களா என்று எட்டிப் பார்த்து, இருக்கிறோம் என்று தெரிந்ததும் மறுபடி முங்கியது. காவலர் அம்மா என் தோள் பக்கமாக வந்து, அலகு நடுவில் இடைவெளியோடு நிற்பது நத்தை குத்தி நாரை, நத்தையை அப்படியே உறிஞ்சி எடுத்துவிடும் என்று காற்றாகச் சொன்னார். மூச்சு விடுவதுபோலப் பேச அவருக்கு எப்படித்தான் வருகிறதோ. எங்கள் வகுப்பில் அப்படிப் பேசினால் கடைசி பெஞ்ச் ஊருக்கே போய்விடும்.

பாதி வழியில் சித்தப்பா தட்டிலிருந்து ஒரு தேங்காய் நழுவியது. கரைச்சரிவில் உருண்டு, ஒரு கல்லில் எகிறி, தண்ணீரில் விழுந்தது. அந்த அமைதியில் அது பாறைக்கு வெடி வைத்ததுபோலக் கேட்டது. பக்கத்து மரத்திலிருந்து ஒரு கூட்டம் சடசடவென்று கிளம்பி, எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. திறந்த வாயைத் திறந்தபடியே வைத்திருந்து, மெதுவாக மூடி, உள்ளங்கையால் காற்றை அமுக்கினார். சித்தப்பாவுக்கு லாரிப் பாஷை தெரியாது. ஆனாலும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இறங்கும்வரை யாரும் அசையவில்லை. நாதசுரக்காரர் மட்டும் சிரிப்பை அடக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி நின்றபோதுதான் வீட்டுக்காரர் ஏரியைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதுவரை கோயில் திசையையே பார்த்து நடந்தவர். கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார். அவர்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் சைகை என்று அப்புறம் சொன்னார்கள். எத்தனையோ ஊர்க் காட்டில், எத்தனையோ அடி இறக்கியும் வெறும் புழுதியாக ஊதிக்கொண்டிருக்க, அந்தச் சைகை காட்டமுடியாமல் திரும்பியவர்கள் அவர்கள். இங்கே பூமிக்கு மேலேயே கண்ணுக்கு எட்டியவரை கிடந்தது. எனக்கு அவர்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. நேரமாகிறது என்று முதுகில் தட்டிவிட்டேன்.

மறுமுனையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பின்னால் நாத்தனார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஊரில், குஞ்சு இருக்கும் மாதங்களில் கோயில் பக்கம் மேளம் அடிப்பதில்லை. சீர் ஊருக்குள் மேளத்தோடு வரும். கோயில் வளைவில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சும்மா நடந்து வருவார்கள். அதனால் ஊர்ப் பக்கமிருந்து மேளம் கேட்கிறதா என்று அவள் ரோட்டையே பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் எங்களுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். எங்கள் போன்கள் எல்லாம் வாய்மூடிக் கிடந்தன. காது குத்தும் ஆசாரி ஊசியை வெளியே எடுத்துத் தயாராக வைத்துவிட்டார். நல்ல நேரம் முடியப்போகிறது. கடைசியில் அவள் மாமனார், முந்தின நாளே வந்திருந்த பெரியப்பா மகனைப் பார்த்து, நீயே உட்காரப்பா, போன தடவை மாதிரிதான், என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பையனும் சங்கடத்தோடு பாயில் ஒரு காலை மடித்துவிட்டான். இவள் குழந்தையைத் தரமாட்டேன் என்று இடுப்போடு இறுக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாளாம்.

நாங்கள் கரையிலிருந்து கோயிலின் பின்பக்கமாக இறங்கியபோது பார்த்தது அவள் முதுகைத்தான். கூட்டம் மொத்தமும் ரோட்டைப் பார்த்து நின்றது. எங்களை முதலில் பார்த்தவர் மாமனார். எங்களையா பார்த்தார், காக்கிச் சேலையைத்தான் பார்த்தார். சம்பந்தி வீட்டுச் சீரில் போலீஸ் எதற்கு என்று அவர் முகம் வெளுத்தது. காவலர் அம்மா வாழைப்பழத் தட்டை நீட்டிக்கொண்டு பணிவாக நின்றார்.

வீட்டுக்காரர் யாரையும் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றினார். நேராகப் போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெரியப்பா மகன் தப்பித்தேன் என்று எழுந்துகொண்டான். அவன் எழுந்த அசைவில்தான் நாத்தனார் திரும்பினாள். அண்ணனைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். மறுபடி அண்ணனைப் பார்த்தாள். எப்படி வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி அவர் மடியில் வைத்தாள்.

அதுவரை மீசையைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்த பயல், முதல் காதில் ஊசி இறங்கியதும் போட்டானே ஒரு சத்தம். சந்தேகமே வேண்டாம், மாமன் தொண்டைதான். எனக்கு ஏரி ஞாபகம் வந்து காவலர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கொழந்த அழுவறதுக்குத் தடை இல்லீங்க டீச்சர்" என்றார் மெதுவாக.

இரண்டாவது காதும் முடிந்தது. கூட்டம் கலைந்து, தட்டுகளை அடுக்குவதும் பந்திக்கு ஆள் தேடுவதுமாக ஆனது. குழந்தை மாமன் சட்டையில் முகத்தைத் தேய்த்து விசும்பிக்கொண்டிருந்தது. நாத்தனார் அவருக்கு எதிரில் பாயில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஏதாவது சேதி சொல்லி அனுப்புவாள் என்று பழக்கத்தில் காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"வாரேன் வாரேன்னு சொன்னப்ப வரலீங்க. சொல்லாத அன்னைக்கு வந்துட்டீங்க. இனிமே சொல்லாதீங்கண்ணா, வந்துருங்க" என்றாள்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.